கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் பாருங்கள்

ஹோட்டல் சமையலறை, ஹவுஸ்கீப்பிங், கட்டட வேலை, ரிசோர்ட் தோட்டப் பராமரிப்பு என்று மலையகத்திலிருந்து மாலைதீவுக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். முதன்முறையாக விமானம் ஏறப்போகிற வீட்டில் எல்லாரும் கேட்பது இரண்டு கேள்விதான்: எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம்? ஒருவர் "ஒரு மணித்தியாலம்தான், கண்ணை மூடித் திறந்தா மாலே" என்பார். இன்னொருவர் "இல்ல, ரெண்டு மணித்தியாலம் பிடிக்கும்" என்பார். இரண்டு பேருமே டிக்கட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இரண்டுமே தப்பு. அது ஏன் என்று கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் மாலேயின் வெலானா சர்வதேச விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 778 கிலோமீற்றர். கடல் மைலில் 420. நேரடி விமானத்தில் புறப்படுவதிலிருந்து நிற்பது வரை சுமார் ஒன்றரை மணித்தியாலம். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நாளைக்கு உங்கள் கம்பனி உங்களை வேறொரு தீவுக்கு அனுப்பலாம். அப்போது யாரிடமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

தூரத்தைக் கணக்கிடுவது

போனில் வரைபடத்தைத் திறந்து விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அகலாங்கு, இரண்டாவது நெட்டாங்கு. கட்டுநாயக்கவுக்கு வடக்கு 7.18, கிழக்கு 79.88. வெலானாவுக்கு வடக்கு 4.19, கிழக்கு 73.53. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழித்தல். அகலாங்கு வித்தியாசம் 2.99 பாகை, நெட்டாங்கு வித்தியாசம் 6.35 பாகை. பூமியின் சுற்றளவு கிட்டத்தட்ட 40,000 கிலோமீற்றர். அதை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் வரும். ஆகவே இரண்டையும் 111ஆல் பெருக்குங்கள். வடக்குத் தெற்காக 332 கிலோமீற்றர், கிழக்கு மேற்காக 705 கிலோமீற்றர். சாதாரண தரத்தில் படித்த பைதகரஸ் தேற்றம் இங்கேதான் கைகொடுக்கிறது. 332இன் வர்க்கம் 110,224. 705இன் வர்க்கம் 497,025. கூட்டினால் 607,249. போன் கல்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தால் 779. பூமியின் வளைவையும் சேர்த்துச் சரியாகக் கணக்கிட்டால் வருவது 778. ஒரு கிலோமீற்றர் வித்தியாசம், அவ்வளவுதான்.

இவ்வளவு சுலபமான கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதற்குக் காரணம் உண்டு. நம்முடைய தீவும் மாலைதீவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே நெட்டாங்கு ஒரு பாகையும் 111 கிலோமீற்றர் அளவுதான். வடக்கே போகப் போக நெட்டாங்குக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும், அதனால் அந்தத் தூரம் சுருங்கும்.  கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு இதே முறையில் போட்டால் 10,000க்கு மேல் வரும். உண்மையான வான்வழித் தூரம் 8,700ஐ ஒட்டியது. ஆகவே மாலே, சிங்கப்பூர் மாதிரி பக்கத்து இடங்களுக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் சாங்கிக்குப் போட்டுப் பாருங்கள், 2,750 கிலோமீற்றரை ஒட்டி வரும். அது சரியான விடைதான்.

புதியவர்கள் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. மாலைதீவின் தெற்குக் கோடியிலுள்ள கான் விமான நிலையம் பூமத்திய ரேகைக்குக் கீழே, தெற்கு 0.69இல் இருக்கிறது. ஒன்று வடக்கு, மற்றது தெற்கு என்றால் அகலாங்கைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். மாலேயின் 4.19உடன் 0.69ஐக் கூட்டினால் 4.88 பாகை. நெட்டாங்கில் பெரிய வித்தியாசம் இல்லாததால் வர்க்கமூலம்கூடத் தேவையில்லை. 4.88ஐ 111ஆல் பெருக்கினாலே 542 வந்துவிடும். ஒரே நாட்டுக்குள் இரண்டு தீவு விமான நிலையங்களுக்கு இடையில் இவ்வளவு தூரம். "மாலைதீவில் வேலை" என்று சொன்னால் போதாது, எந்த அட்டோல் (தீவுக் கூட்டம்), எந்தத் தீவு என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

தூரத்தை நேரமாக மாற்றுவது

இந்தப் பாதையில் பறக்கிற ஜெட் விமானங்கள் உயரத்துக்குப் போன பிறகு மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில் ஓடும். 778ஐ 830ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் வருகிறது. அப்படியானால் மீதி அரை மணித்தியாலம் எங்கே போகிறது?

விமானம் வாசலை விட்டு நகர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போய், முன்னால் உள்ளவை கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் ஏற்றம். கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முக்கி முக்கி ஏறுகிற மாதிரி, விமானமும் மேலே ஏறி முடிக்கும் வரை முழு வேகத்துக்கு வராது. இறங்கும்போதும் அப்படியே, நிலத்தைத் தொடுவதற்கு 20 நிமிடங்களுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். நேர்கோட்டிலும் பறப்பதில்லை. கட்டுநாயக்கவின் ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காக இருக்கிறது. மாலே நமக்கு மேற்கு-தென்மேற்கில். கடல் பக்கமாகக் கிளம்பினால் ஏறக்குறைய போக வேண்டிய திசையிலேயே போய்விடும். காற்று மாறி, உள்நாட்டுப் பக்கம் கிளம்ப வேண்டி வந்தால் ஒரு வட்டமடித்துத்தான் திரும்ப வேண்டும். மாலேயின் ஓடுபாதையோ வடக்குத் தெற்காக நீள்கிறது. கிழக்கிலிருந்து போகிற விமானம் அங்கேயும் திரும்பித்தான் நேராக வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு சின்ன விதி: தூரத்தை 800ஆல் வகுத்து, அதோடு அரை மணித்தியாலம் கூட்டுங்கள். 778ஐ 800ஆல் வகுத்தால் 58 நிமிடம். அரை மணித்தியாலம் கூட்டினால் 1 மணி 28 நிமிடம். சிங்கப்பூருக்கு 2,750ஐ 800ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம், கூட்டினால் 3 மணி 56 நிமிடம். இரண்டுமே விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுகிற நேரத்துக்கு மிக நெருக்கமானவை. மாலைதீவுக்குள் ஓடுகிற விசிறி வைத்த சின்ன விமானங்களுக்கு 800க்குப் பதிலாக 500ஆல் வகுத்து 10 நிமிடம் கூட்டினால் போதும். மாலேயிலிருந்து கானுக்கு அப்படிப் பார்த்தால் ஒன்றேகால் மணித்தியாலம்.

காற்றும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழே மேற்கிலிருந்து காற்று அடித்தாலும், விமானம் பறக்கிற உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும். ஆகவே அந்த மாதங்களில் மாலேக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். இந்தச் சின்னத் தூரத்துக்கு அது பெரிய விஷயமில்லை.

டிக்கட்டில் ஒளிந்திருக்கும் அரை மணித்தியாலம்

இதைக் கவனமாகப் படியுங்கள். டிக்கட்டில் போட்டிருக்கிற நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் நேரம். புறப்படுகிற நேரம் இலங்கை நேரம், சேர்கிற நேரம் மாலைதீவு நேரம். இலங்கை உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். மாலைதீவு ஐந்து மணித்தியாலம். நம்மைவிட அரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது.

ஓர் உதாரணம். பகல் 1.00க்குக் கட்டுநாயக்கவில் கிளம்பி ஒன்றரை மணித்தியாலம் பறந்தால் நம் கடிகாரத்தில் 2.30. மாலேயில் அப்போது 2.00. டிக்கட்டில் "1.00 - 2.00" என்றுதான் இருக்கும். பார்க்கிறவர் "ஒரு மணித்தியாலம்" என்கிறார். திரும்பி வரும்போது மாலேயில் 3.00க்குக் கிளம்பினால் அது நம் நேரத்தில் 3.30. ஒன்றரை மணித்தியாலம் கழித்து 5.00க்கு இறங்கும். டிக்கட்டில் "3.00 - 5.00". அதைப் பார்க்கிறவர் "இரண்டு மணித்தியாலம்" என்கிறார். போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் நேர வித்தியாசம் தானாக அடிபட்டு, உண்மையான பறக்கும் நேரம் வந்துவிடும். எந்த இரண்டு ஊருக்கும் இந்த உபாயம் வேலை செய்யும்.

நம்முடைய பழைய ஆட்கள் சிலர் "மாலேக்கும் நமக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்" என்று சொன்னால் அதுவும் ஒரு காலத்தில் உண்மைதான். 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை நாம் உலக நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தோம். அப்போது அங்கே வேலை செய்தவர்களின் கணக்கு அது.

போன் கடிகாரம் இறங்கியதும் தானாக மாறிவிடும். கைக்கடிகாரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்க வரை

உண்மையான பயணம் இதுதான். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான்வழியாக அளந்தால் வெறும் 85 கிலோமீற்றர். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கியிருக்கிற கடல்விமானங்களுக்கு அது அரை மணித்தியால வேலை. பஸ்ஸிலோ வேனிலோ போகிற நமக்கு கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்க வேண்டும். கடலுக்கு மேலே 778 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம், மலையிலிருந்து இறங்க அதைவிட மூன்று மடங்கு நேரம். விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் அதைத் தவறவிடுவது இந்த ரோட்டில்தான். "தம்பி, காலையில எழும்பிப் போனாப் போதும்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். அவர் கொழும்பிலிருந்து பேசுகிறார்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பொகவந்தலாவைத் தோட்டம் ஒன்றிலிருந்து பகல் 1 மணி விமானத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணித்தியாலம் முன்பே விமான நிலையத்தில் நிற்க வேண்டும், ஆகவே காலை 10. பெரும்பாலான விமான நிறுவனங்கள் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடும், அதற்கப்புறம் கெஞ்சினாலும் பயனில்லை. பஸ்ஸில் போனால் கொழும்பில் இறங்கி 187ஆம் இலக்க விமான நிலைய பஸ்ஸுக்கு மாற வேண்டும். காத்திருப்போடு ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள், காலை 8.30க்குப் புறக்கோட்டையில் இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து புறக்கோட்டைக்கு ஐந்து மணித்தியாலம், அப்படியானால் ஹட்டனில் அதிகாலை 3.30. மழை, மண்சரிவு, கொழும்பு ஒபிஸ் நேர நெரிசல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் கையிருப்பு, 2.00. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஒரு மணித்தியாலம். ஆக நடுச்சாமம் 1 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்றரை மணித்தியாலப் பறப்புக்காக அதற்கு முன்னால் 12 மணித்தியாலம்.

அந்த நேரத்தில் தோட்டத்து ரோட்டில் பஸ் இருக்காது. நம் ஆட்கள் வேன் பிடிப்பது அதனால்தான். வழியனுப்ப மாமா, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வண்டி நகரும். அந்த இருபது நிமிடத்தையும் கணக்கில் சேருங்கள், அது இல்லாமல் அம்மா அனுப்ப மாட்டார். வேனில் போனால் ஒரு வசதி உண்டு. கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறிக் கெரவலப்பிட்டிய வழியாகப் போனால் கொழும்பு நகருக்குள் நுழையாமலே கட்டுநாயக்கவை அடைந்துவிடலாம். அதே விமானத்துக்கு அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் போதுமானது.

காலை 7 மணி விமானம் என்றால் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: முதல் நாளே இறங்கிவிடுங்கள். நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஓர் இரவு தங்குகிற செலவு, தவறவிட்ட டிக்கட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் தூரம். பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதை 290 கிலோமீற்றர் அளவு, வழமையாக 9, 10 மணித்தியாலம் பிடிக்கும். கோச்சிப் பயணம் அழகுதான். ஆனால் விமானம் பிடிக்கிற நாளில் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று முதல் நாள் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மழைக்காலமும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் நனையும். வருடக் கடைசியில் பதுளை, ஹப்புத்தளைப் பக்கம். உங்கள் பயணம் அந்த மாதங்களில் வந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையை இரண்டு நாள் முன்பிருந்தே பாருங்கள். உங்கள் பாதைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரு நாள் முன்னதாகவே இறங்குங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதைப் பார்ப்பார்கள், அங்கே வரிசை உண்டு. மாலைதீவின் 'இமுகா' என்கிற இணையப் படிவத்தை விமானத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும், அதாவது நான்கு நாள். தோட்டத்தில் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடமென்றால் இதை டவுனுக்கு வந்து முடித்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு நிரப்புவது பெரிய பதற்றம்.

மாலேயில் இறங்கிய பிறகு

வெலானா விமான நிலையம் மாலே நகரத்தில் இல்லை, ஹுல்ஹுலே என்கிற தனித் தீவில் இருக்கிறது. 2018இல் திறந்த பாலம் அதை மாலேயோடு இணைக்கிறது. ஆகவே நகரத்துக்கு வாகனத்திலேயே போகலாம். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் வையுங்கள்.

அதற்கப்புறம் உங்கள் தீவு. பக்கத்துத் தீவென்றால் ஸ்பீட் போட் வந்து ஏற்றிக்கொள்ளும். தூரத்துத் தீவென்றால் உள்நாட்டு விமானம் அல்லது கடல்விமானம். கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பின்னேரம் பிந்தி இறங்குகிற சர்வதேச விமானத்தில் வந்தால் அன்றிரவு மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டி வரலாம். அந்தச் செலவு யாருடையது என்று கம்பனியிடம் டிக்கட் போடுவதற்கு முன்பே கேளுங்கள். வேலையாட்களைப் பெரும்பாலும் படகில்தான் கூட்டிப்போவார்கள், படகு எத்தனை மணிக்கு, எந்த இறங்குதுறையில் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிசோர்ட்டுக்குப் போனதும் இன்னொரு நேரச் சிக்கல் காத்திருக்கும். விருந்தாளிகளுக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று பல ரிசோர்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணித்தியாலம் முன்னே வைத்திருக்கும். அங்கே 8 மணி என்றால் மாலேயில் 7, நம் வீட்டில் 7.30. முதல் நாள் டியூட்டிக்குப் போன் காட்டுகிற நேரத்தை நம்பிப் போனால் ஒரு மணித்தியாலம் பிந்திவிடுவீர்கள். போய் இறங்கியதுமே "ஐலண்ட் டைம் என்ன?" என்று சுப்பர்வைசரிடம் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு எந்த நேரத்தில் கோல் எடுப்பது என்பதையும் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது

லீவுக்கு வரும் டிக்கட்டைப் பார்க்கும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மாலேயில் பின்னேரம் 6க்குக் கிளம்பினால் கட்டுநாயக்கவில் இரவு 8. பெட்டி எடுத்து வெளியே வர 9. அங்கிருந்து புறக்கோட்டைக்கு வந்து இரவு பஸ் பிடித்தால் ஹட்டனில் விடியற்காலை. தோட்டத்துக்கு முதல் பஸ் வரும் வரை ஸ்டாண்டில் பெட்டிகளோடு காத்திருக்க வேண்டும். காலையில் மாலேயிலிருந்து கிளம்புகிற விமானம் கிடைத்தால், கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்கள். 10க்குக் கிளம்பினால் 12க்குக் கட்டுநாயக்க, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கினிகத்தேனை தாண்டினால் தேவைப்படும்.